ஒற்று

இரவு பதினொன்றே கால், பீல் நகரம்.
தெருப் பலகையில் மேலே ஜெர்மன், கீழே பிரெஞ்சு.
அதற்கும் கீழே, நிலவறையில் என் அச்சுக்கூடம்:
ஒரு பிரிண்டர், ஒரு வெட்டுக்கத்தி,
விண்டோஸைக் கைவிட்டு லினக்ஸுக்கு மாறிய
ஒரு கணினி.

செவ்வச்சு மட்டும் மாறவில்லை.
தொண்ணூற்றெட்டில் வாங்கிய தட்டச்சுச் செயலி.
செய்தவர் இப்போது ஸ்காபரோவில் வீடு விற்கிறார்,
போன் எடுப்பதில்லை.
விண்டோஸைத் தவிர வேறு வீட்டில்
அது கை நனைக்காது.
அதனால் இடையில் ஒரு மென்பொருள், பெயர் ஒயின்.
விண்டோஸாக வேஷம் போடுவதில்லையாம்;
செயலி கேட்பதை இந்த வீட்டுப் பாஷையில் கேட்டு
வாங்கிக் கொடுக்கிறதாம்.

எல்லாம் கொடுத்தது,
புள்ளியைத் தவிர.

பாமினியில் அரைப்புள்ளி விசையைத் தட்டினால்
முன்னெழுத்தின் தலையில் முழுப்புள்ளி ஏறும்.
அகலமே இல்லாத எழுத்து அது.
ஒயினுக்கு
அகலம் இல்லாதது இல்லாதது.

அப்பாக்குட்டி செல்லத்தம்பி காலமானார்.
திரையில்
அபபாககுடடி செலலததமபி காலமானார.

புள்ளி குத்தினால் ஏடு கிழியுமென்று
வாசிப்பவன் தலையில் விட்டார்கள் ஓலைக்காரர்.
செத்தவரின் பெயரை நான் அப்படி விடலாமா?
மெல்லிய பேனா ஒன்று வாங்கினேன்.
மூலத்தாளில் ஒவ்வொன்றாய்க் குத்தி,
அதைப் படம்பிடித்து, நூற்றைம்பது பிரதி.
இரண்டு வருடம்.
பிள்ளைகள் கனடா என்றால் புள்ளியே இல்லை.
இங்கிலாந்துக்கு இரண்டு.
டென்மார்க்குக்கு மூன்று, மருமக்கள் தனி.

இன்றைக்கு மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை.
பகல் முழுக்கக் கடிகாரத் தொழிற்சாலைக் கன்டீனில் தட்டுகள்.
செல்லத்தம்பியின் மகள் சுகிர்தா
காலை ஆறு மணி ரயிலுக்கு முன் வருவாள்.
ஓடுகிற மோட்டரைக் கழற்றக் கூடாதுதான்.
புதிய பதிப்பு இருக்கிறது என்று
மூன்று வாரமாய்க் கேட்டுக்கொண்டிருந்த பெட்டியில்
‘ஆம்’ என்று அழுத்தினேன்.

இறங்கியது. நாற்பது வீதத்தில் நின்றது.
தேத்தண்ணி ஆறியது.

திருத்தப் பட்டியல் நீளமானது.
ஏதோ கார் விளையாட்டு இனிக் கறுப்புத் திரையாய் வராது.
ஏதோ பல் வைத்தியர் செயலி இனி அச்சிடும்.
நடுவில் ஒரு வரி:
அகலம் பூச்சியமான எழுத்துகளையும் வரையவும்.
எழுதியவருக்குத் தமிழ் தெரிந்திருக்காது.
வேறு யாரோ, வேறு எதற்கோ முறையிட்டிருப்பார்கள்.

திறந்தேன்.
ப்பன்னா, க்கன்னா, ட்டன்னா,
எல்லாப் புள்ளியும் அதனதன் தலையில்.
இந்த ஏரிக்கரை மேட்டில் திராட்சைக்காரர்
பழைய போத்தலைத்தான் மெச்சுவார்கள்.
இந்த ஒயினில் புதியதே தேறல்.

அச்சு ஓடும்போது சும்மா இருந்திருக்கலாம்.
போன கார்த்திகைக் கோப்பைத் திறந்தேன்.
நூஷாத்தெல் குலவீரசிங்கம் குடும்பம்.
‘எம் தந்தை’ என்று வரவேண்டிய இடத்தில்
ஒரேயொரு புள்ளி குத்தத் தவறியிருந்தேன்.
எம தந்தை.
எமனே தகப்பனாய்ப் போன வீடு.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
மூத்தவன் காசு தந்தான், மிச்சம் ஐந்து பிராங்கை
வைத்திருங்கோ என்றான்.
ஸ்டேஷனடித் தமிழ்க் கடைக் கண்ணாடியில்
முப்பத்தொரு நாள் அது ஒட்டியிருந்தது.
முப்பத்தொரு நாளும்
நான் மிளகாய்த்தூளை வேறு கடையில் வாங்கினேன்.

இப்போது திரையில்: எம் தந்தை.
நான் தட்டிய அரைப்புள்ளி
அன்றைக்கும் உள்ளேதான் இருந்திருக்கிறது.

ஒரு பிரதி மட்டும் அடித்தேன்.
யாரிடம் கொடுப்பது?

சுகிர்தாவின் அட்டைகளை வெட்டி முடிக்க இரண்டரை.
பழக்கத்தில் பேனாவைத் திறந்து
முதல் அட்டையின் மேலே பிடித்து,
வைக்க இடமில்லாமல்
மூடினேன்.