முப்பதுக்கு எத்தனை

பாடாங் செராய் கிளினிக்கில் ஞாயிறு வேலை நாள்.
அதனால் முதல் கேள்வியிலேயே தகராறு.
"இன்னைக்கு என்ன கிழமை?"
"நான் பூசைக்குப் போகல.
அப்ப ஞாயிறு இல்ல,"
என்றார் ஞானப்பிரகாசம் கிராணி.
காரணம் நேர்த்தி. விடை தப்பு.
காரணத்துக்குத் தாளில் கட்டம் கிடையாது.

வருஷம் சொன்னார், பதினொன்று குறைவாக.
மாநிலம் சரி.
எத்தனையாவது மாடியில் இருக்கிறோம் என்று
கேட்கச் சொல்கிறது தாள்.
சுற்றிலும் பார்த்தார். ஒற்றைத் தகரக்கூரை.
"என்னா மிஸ்ஸி, வெளையாடுறீங்களா?"
அதற்கு ஒரு மதிப்பெண் கொடுத்தேன்.

மூன்று சொல் தந்தேன்:
சாவி. முருங்கை. ரயில்.
பெரட்டில் பேர் கூப்பிட்ட அதே தொண்டையில்
திருப்பிச் சொன்னார்.
"வெச்சுக்குங்க, அப்புறம் கேப்பேன்."
மகள் பிலோமினா கைப்பையின் ஜிப்பைத்
திறந்தாள், மூடினாள், திறந்தாள்.
விதிப்படி அவள் உதடு அசையக் கூடாது.

நூற்றிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னேன்.
தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு, எழுவத்தொம்பது,
எழுவத்தி ரெண்டு, அறுவத்தஞ்சு.
ஐந்தோடு போதும் என்கிறது தாள்.
அவர் நிற்கவில்லை.
கண்ணை மூடி, பென்சில் இல்லாத காதைத் தடவியபடி
இறங்கிக்கொண்டே போனார்,
பதினாறு, ஒம்பது, ரெண்டு.
பிறகு குரலைத் தாழ்த்தி:
"மீதி ரெண்டு. அத எழுத வேணாம்."

அந்த ரெண்டை எனக்குத் தெரியும்.
எட்டு வயசில் பால் ஸ்டோர் வாசலில் நின்று
அம்மாவின் வாளி தராசில் ஏறும்போது
நான் முள்ளைப் பார்ப்பேன்.
அவர் முள்ளைப் பார்க்காமல் எழுதுவார்.
தண்ணிக் கழிவு, தூசிக் கழிவு, மழைக் கழிவு.
மழையே காணாத மாசத்திலும் மழைக் கழிவு.
அம்மா அங்கே வாய் திறந்ததில்லை.
வீட்டுக்கு வந்து அம்மியில்
மிளகாயை அரைத்துக்கொண்டே இருப்பாள்,
குழம்புக்குத் தேவையானதற்கும் மேலாக.

கடிகாரம் வரையுங்கள், மணி நாலே கால்.
வட்டம் சுத்தமாக விழுந்தது. நடுங்காத கை.
எண்கள் பூஜ்யத்தில் தொடங்கின,
ஐந்து, பத்து, பதினைந்து, ஐம்பது வரை.
ஒரே ஒரு முள்.
கீழே ஒரு கொக்கி. கொக்கியில் வாளி.
இப்படி ஒரு நல்ல தராசை
யாரும் எனக்கு வரைந்து தந்ததில்லை.
இரண்டு முள் இல்லையென்றால் சுழியம்.
சுழியம் போட்டேன்.

"அந்த மூணு சொல்லு, கிராணி?"
மின்விசிறி சுற்றியது.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி
மில் பக்கம் திரும்பி, கியர் மாற்றி, போய்விட்டது.
"சாவி."
என் பெயர்ப்பட்டையைப் பார்த்தார்.
அப்புறம் என் முகத்தை.
"நாப்பத்தொண்ணாம் நம்பரு.
கொழந்தாயி மகதானே நீ?
ஒங்கம்மா பாலு நல்ல கெட்டியா இருக்கும்."

அதற்கும் கட்டம் இல்லை.

"அது இல்ல. இன்னும் ரெண்டு சொல்லு இருக்கு."
"ரெண்டத்தான் எழுத வேணாமுன்னு சொன்னேனே."

விதி பத்து விநாடி.
நான் முப்பது வரை காத்திருந்தேன்.
ஏன் என்று எனக்கே தெரியவில்லை.
முருங்கை வரவில்லை. ரயில் வரவில்லை.

"பாஸா மிஸ்ஸி?" என்றாள் பிலோமினா.
"பாஸ், பெயிலு இல்லம்மா.
சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன்.
ரத்தம் எடுப்பாங்க, தலைய ஸ்கேன் பண்ணுவாங்க.
இது வெறும் முதல் நிறுவை."

மேலிருந்து கீழே கூட்டினேன். பதினேழு.
கீழிருந்து மேலே கூட்டினேன். பதினேழு.
எந்த நோயாளிக்கும் நான் இரண்டு தடவை கூட்டியதில்லை.
கிராணி எழுந்து வந்து
தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.
"கழிவு போக எவ்ளோ?"
"கழிவு இல்ல," என்றேன். "முழுசா பதினேழு."
தலையாட்டினார்.
சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்,
கையெழுத்துப் போட.