சாய்வுச் சோதனை

காற்று எழுவதற்குள் முடித்தாக வேண்டும்.
ஐந்தரை மணி. கலீசியக் கழிமுகம்
இன்னும் கண் விழிக்கவில்லை.
கயிறுகளைத் தளர்த்திவிட்டார்கள்.
'நோவா எர்மிதாஸ்' எதையும் பிடித்துக்கொள்ளாமல் மிதக்கிறது,
எடை பார்க்கும் மேடையில்
மூச்சடக்கி நிற்கிற பிள்ளை மாதிரி.

நான் கீழே, மீன் கிடங்கில்.
ஒரு தூக்குநூல்,
அதன் குண்டு எண்ணெய்த் தொட்டிக்குள்,
குறுக்கே அளவுகோல், கையில் டார்ச்.
மேலே நடப்பது எனக்குத் தெரியாது.
நூல் சொன்னால்தான் உண்டு.

டாங்கிகளை நேற்றே பார்த்தாயிற்று.
ஒன்று விளிம்புவரை, இல்லையென்றால் துடைத்த காலி.
பாதி நிறைந்த டாங்கியைப் போலப் பொய் சொல்ல
மனிதர்களால் ஆகாது.
தளும்புகிற குடத்துக்கு
எங்கள் தொழிலில் ஒரு சமன்பாடே இருக்கிறது.

முதல் கான்கிரீட் கட்டி
இடப்பக்கமிருந்து வலப்பக்கம் போகிறது.
அரை டன்.
படகு கொஞ்சம் யோசிக்கிறது.
பிறகு நூல் நகர்கிறது: முப்பத்தொன்று மில்லிமீட்டர்.
இரண்டாவது கட்டி: அறுபத்திரண்டு.
மூன்றாவது:
தொண்ணூற்றேழு.

"யார் நகர்ந்தது?"

மேலே ஒரு சத்தமும் இல்லை.
ஆளுக்கொரு சாக்கட்டி வட்டம்,
பக்கத்தில் அவரவர் எடை;
அதற்குள் சிலையாக நிற்க வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம்.
கடைசியில் ப்ரெய்ஷோ. படகுக்காரர்.
அவர் வட்டத்தில் நூற்றுநான்கு என்று எழுதியிருக்கிறது.
"தீப்பெட்டி வாங்க... மூன்றே எட்டு, உஷீயா."

மூன்று எட்டு, நான்கு மில்லிமீட்டர்.
திரும்பிப் போய் நில்லுங்கள் என்றேன்.
நூல் தொண்ணூற்றுமூன்றில் வந்து நின்றது.

தாளில் புள்ளிகள் எல்லாம் ஒரே கோட்டில் விழுந்தன.
கெட்ட செய்தி அப்படித்தான் வரும், பிசிறில்லாமல்.
வரைபடம் காட்டிய இடத்துக்குப்
பதினான்கு சென்டிமீட்டர் மேலே இருந்தது நிறைமையம்.
கடனில் வாங்கிய கிரேன்,
அதற்கு முந்தின வருஷத்து ஃப்ரீசர்,
ஒன்றின் மேல் ஒன்றாக இருபத்திரண்டு வருஷத்துப் பெயின்ட்.
"தலைக்கனம்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

"அந்த இடத்தில் என்ன இருக்கிறது, காட்டு."

டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினோம்.
அடிமரத்திலிருந்து மூன்று மீட்டர் ஆறு.
பின்முனையிலிருந்து பதினொன்று சொச்சம்.
விரலை நீட்டினேன்.
காற்று.
ஐஸும் பழைய மீனும் வீசுகிற வெறும் காற்று.
காலையெல்லாம் நான் உட்கார்ந்திருந்த பெட்டிக்கு நேர் மேலே,
என் உச்சந்தலைக்கு ஒரு முழம் தள்ளி.
ஓர் ஆணிகூட இல்லை அங்கே.

"ஒன்றுமில்லாததற்கா
பன்னிரண்டு டன் ஈயம் வாங்கச் சொல்கிறாய்?"

கிரேன், ஃப்ரீசர், நீங்கள், உங்கள் கடன்,
எல்லாவற்றையும் பூமி
இந்த ஓரிடத்தில்தான் பிடித்து இழுக்கிறது என்றேன்.
கடனுக்கு எடை கிடையாது என்றார்.
உண்டு, மேலே நிற்கிறதே, மஞ்சள் நிறத்தில்.

வெளியே காற்று தொடங்கிவிட்டது.
தூக்குநூல் தன் பாட்டுக்கு எண்ணெயைக் கிளறியது.
அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார்,
ஏதோ கணக்குப் போட்டார், விட்டுவிட்டார்.
பிறகு ஏணிக்குத் திரும்பியபோது
அந்த இடத்தில் இடித்துக்கொள்ளாமல்
கொஞ்சம் சுற்றிக்கொண்டு போனார்.