ஆறரை

காலை ஆறரை. ஃபியோர்டில்
பொழுது விடிய இன்னும் மூன்று மணி நேரம்.
எழுந்திருக்க நான் கண்டுபிடித்த வழி இது:
முழங்காலை மடக்கு,
பக்கவாட்டில் உருள்,
படகிலிருந்து தள்ளிவிட்ட மரக்கட்டைபோல
விளிம்புக்கு வா.
கொஞ்சம் திட்டிக்கொள்.
ஸ்டெய்னார் தூங்குவதாக நடிப்பான்.
அது அவன் மரியாதை.

முப்பத்தோரு வருடம் படகுத்துறையில்
வண்டிகளுக்குக் கை காட்டியவள் நான்.
இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம், நில்.
முகத்தில் அறையும் மழையிலும்
லாரிகள் இந்தக் கைக்குக் கட்டுப்பட்டன.
போன மார்ச்சில் அதே கை
தலைமுடி வரை போக மாட்டேன் என்றது.
சீப்பை மேசைமேல் ஊன்றிப் பிடித்து
தலையை அதனிடம் கொண்டுபோனேன்.

டாக்டர் ஹல்வோர் சின்னப் பையன்.
பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்று
மூச்சு வாங்காமல் சொன்னான்.
நம் கரையோரத்தில் இது அதிகம் என்றான்,
மீன்வரத்தைப் பற்றிச் சொல்வதுபோல.

பதினைந்து மில்லிகிராம் ஸ்டீராய்டு.
இரண்டாம் நாள் மத்தியானம்
மேல்தட்டிலிருந்த பெரிய பாத்திரத்தை
யோசிக்காமல் எடுத்தேன்.
எடுத்த பிறகுதான் யோசித்தேன்.
அடுக்களை நடுவில் நின்று அழுதேன்,
பாத்திரத்தைக் கீழே வைக்காமலே.

அந்த மாதம் தூக்கம் கிடையாது.
விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பைத் தேய்த்தேன்,
எப்போதோ கட்டிய வரிகளின் ரசீதுகளை
வருடவாரியாக அடுக்கினேன்.
ஒரு முழுக் கட்டி பழுப்புச் சீஸ்
நின்ற நிலையிலேயே தீர்ந்தது.
கண்ணாடியில் முன்பின் தெரியாத
ஒரு வட்ட முகக்காரி.
நல்லவள் போலத்தான் இருந்தாள்.

பிறகு, கொடுத்ததை
மாதத் தவணையில் திருப்பிக் கேட்டது மருந்து.
பத்து. ஒன்பது. எட்டு.
இருட்டில் மாடிப்படி இறங்குவதுபோல
ஒவ்வொன்றையும் காலால் துழாவி.
ஏழில் நன்றாகத்தான் இருந்தேன்.
ஆறில் ஆறவில்லை.

எப்படி வலிக்கிறது என்கிறான் ஹல்வோர்.
முன்போலக் கத்தவில்லை.
விருந்து முடிந்து, கோட்டும் மாட்டிக்கொண்டு,
வாசற்கதவைப் பிடித்தபடி
இன்னொரு கதை தொடங்குவார்களே சிலர்,
அப்படி.
அவன் திரையைப் பார்க்கிறான்.
ரத்தம் நன்றாக இருக்கிறது என்கிறான்.
என் ரத்தத்துக்காகச் சந்தோஷப்பட்டேன்.
தூரத்து உறவுக்குப் பரீட்சையில்
நல்ல மதிப்பெண் வந்ததுபோல.

இது நோயா,
மருந்தைக் குறைத்த கோபமா,
வெறும் எழுபத்திரண்டு வயதா?
மூன்றும் தட்டுவது ஒரே கதவை,
ஒரே விரலால்.

அதனால் இப்போது ஆறரை.
அரைக்காக ஒரு மாத்திரையை
ரொட்டிக் கத்தியால் பிளக்க வேண்டும்.
நேற்று ஒரு பாதி எகிறி
ஃபிரிட்ஜுக்கு அடியில் ஓடிவிட்டது.
குனிய முடியாதவள் குனிவதற்கான மருந்து,
குனிந்தால் மட்டும் கிடைக்கும் இடத்தில்!
விழுந்து விழுந்து சிரித்தேன்.
வலியோ என்று ஸ்டெய்னார் ஓடிவந்தான்.
அவன் முழங்காலும் ஒன்றும் யோக்கியமில்லை.
பனிச்சறுக்குக் கம்பை விட்டுத் துழாவினோம்.
ஒரு பொத்தான்,
பூனையின் பந்து (பூனை போய் நாலு வருடம்),
கடைசியில், தூசி அப்பிய அந்த அரை வட்டம்.
ஊதிவிட்டு விழுங்கினேன்.

இன்று முழங்காலளவு பனி.
பக்கத்து வீட்டு இங்வில்ட் கேட்காமலே
எங்கள் பாதையையும் வாரிவிட்டிருக்கிறாள்.
ஸ்டெய்னார் கோட்டைத் தாழ்வாகப் பிடிக்கிறான்.
முதலில் இடது கை. பின்னால். மெல்ல.
"இந்தப் பக்கம்," என்கிறான்,
"இன்னும் கொஞ்சம்."
எங்கே கற்றுக்கொண்டான் என்று கேட்கவில்லை.

வியாழக்கிழமை மறுபடி ரத்தம் எடுப்பார்கள்.
அதற்குக் கையை நீட்டினால் போதும்.
தூக்க வேண்டாம்.