வெற்று எடை

மொன்டானாவின் கிழக்குக் கோடி. செவ்வாய், சந்தை நாள்.
மாட்டு ஏலக் கொட்டகைக்குப் பின்னால்
எடைமேடை என் பொறுப்பு.
ஒரு ஜன்னல், ஒரு ஹீட்டர்,
பச்சை எண்கள் நடுங்கும் பெட்டி ஒன்று.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
ஒன்பது பவுண்டு வரைக்கும்
எதையும் மன்னித்துவிடும்.

வந்து நிற்பது என்ன வண்டி என்று
நிமிராமலே சொல்வேன்.
டீசல் என்றால் முன்சக்கரம் ஏறும்போதே
மேடை முனகும்;
அந்த எஞ்சினில் ஒரு கன்றுக்குட்டியின் கனம் கூடுதல்.
பெட்ரோல் வண்டி சத்தமில்லாமல் ஏறி
கடன் கேட்க வந்தவனைப் போல நிற்கும்.
பின்னால் இரட்டைச் சக்கரம் போட்டவன்
இடுப்பை அகட்டிக்கொண்டு வருவான்;
மேடையோரத்துக் கம்பி
வளைந்திருக்கிறதே, அவன் கைங்கரியம்.

இருபத்தைந்து நூறு, முப்பத்தைந்து நூறு என்று
கதவில் எழுதியிருக்கும்.
இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று
வாய்தவறி ஒருநாள் கேட்டுவிட்டேன்.
வெண்டல் க்ரோவ் தரையில் படுத்தான்,
என்னையும் படுக்கவைத்தான்.
உப்பும் சேறும் முகத்தில் சொட்ட
விரல்விட்டு எண்ணிக் காட்டினான்:
பின் அச்சின் மேல் அடுக்கிய வில்பட்டைகளில்
ஒன்று அதிகம்.
அதே சட்டம், அதே எஞ்சின், அதே கியர்.
"இந்த ஒரு துண்டு இரும்புக்கு
இத்தனை ஆயிரம் டாலராம்" என்று சிரித்தான்.

ஐடா சிரிக்கவில்லை.
"அந்தத் துண்டு இல்லாமல்தானே
போன அக்டோபரில் பாலத்து இறக்கத்தில்
பின்பக்கம் தாழ்ந்து போனோம்?
முன்விளக்கு இரண்டும்
சாலையை விட்டு நட்சத்திரம் தேடியது.
நீ பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாய்."

நான்கு வருஷம் இதே பேச்சு.
நெடுஞ்சாலையில் காற்று டிரெய்லரைத் தள்ளுகிறது,
இரட்டைச் சக்கரம் வேண்டும் என்பாள் அவள்.
மேய்ச்சல் நிலத்துச் சேறு
இரண்டு டயருக்கும் நடுவில் அப்பிக்கொள்ளும்,
ஒற்றைதான் என்பான் இவன்.
கடைசியில் வங்கி சொன்னதை வாங்கினார்கள்:
முப்பத்தைந்து நூறு, டீசல், ஒற்றைச் சக்கரம்.
இருவருக்குமே பிடிக்காத நிறம்.

மாடுகளை இறக்கிவிட்டுத் திரும்பினால்
டிரெய்லரோடு, இருவரும் உள்ளே இருக்க,
பதினைந்தாயிரத்து நானூற்று அறுபது.
தொட்டியில் எண்ணெய் ஏறும், இறங்கும்;
அதைக் கழித்துப் பார்க்கவும் பழகியிருந்தேன்.

நவம்பரில் ஒரு செவ்வாய்
நூற்றெண்பது குறைந்தது.
டீசல் காலன் ஒன்றுக்கு ஏழு பவுண்டு,
எனவே இருபத்தைந்து, இருபத்தாறு காலன்,
தூரத்திலிருந்து வந்திருப்பார்கள் என்று
மனக்கணக்குப் போட்டு முடித்துவிட்டேன்.
பிறகுதான் நிமிர்ந்தேன்.

ஓட்டும் இடத்தில் ஐடா.
பக்கத்து இருக்கையில் அவளுடைய கையுறை மட்டும்.
"சீட்டை என் பேரில் மட்டும் போடு, கார்லின்" என்றாள்.
இத்தனை வருஷத்தில் என் பேரை
அவள் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

அவளுக்குப் பின்னால் மூன்றாவதாக
ஒரு பழைய இருபத்தைந்து நூறு.
பெட்ரோல். பாதிக் கதவு துரு.
யாரிடமோ இரவல் வாங்கிய டிரெய்லரில்
மந்தையின் மறுபாதி.
இறக்கும் முன்னால் எடை பார்க்க ஏறினான்;
பின்பக்கம் தாழ்ந்து, மூக்கு தூக்கி,
பட்டப்பகலில் விளக்கை எரியவிட்டபடி
வெண்டல்.
விளக்கின் வெளிச்சம் என் ஜன்னலுக்கு மேலே
கூரைத் தகரத்தில் விழுந்தது.

"வண்டி எப்படி?" என்று கேட்டேன்,
வேறென்ன கேட்பது.
"சேற்றில் நன்றாகப் போகிறது" என்றான்.
கொஞ்ச நேரம் பச்சை எண்களைப் பார்த்தான்.
"அவள் எவ்வளவு இருந்தாள்?"

அடுத்தவர் எடையைச் சொல்லக் கூடாது,
சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது.
சுவரைக் காட்டினேன்.
தலையாட்டிவிட்டு இறங்கிப் போனான்.
மேடை ஒருமுறை ஆடி
பூஜ்யத்துக்கு வந்தது.

வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள்.
டீசல், இரட்டைச் சக்கரம்.
கம்பியைப் பார்த்து வா என்று கத்தினேன்.