தொண்ணூற்றொரு அலகு

ஊருக்கெல்லாம் மீற்றர் வாசிக்கிறவன் நான்.
உவர்மலை ஏற்றத்தில், திருக்கடலூர் ஒழுங்கைகளில்
நாய்க்குப் பயந்து மதிலால் எட்டிப் பார்த்து
எண்ணை எழுதிக்கொண்டு போவேன்.
முப்பது என்றால் தனியாள்.
திடீரென்று இருநூறு என்றால்
கலியாணம், இல்லாவிட்டால் செத்தவீடு.
கேட்காமலே தெரியும்.

டைக் வீதியில் எங்கள் வீடு
பதினொரு வருசமாய் நாற்பத்திநாலு, நாற்பத்தாறு.
போன மாதம் தொண்ணூற்றொன்று.

பில்லைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு
நடந்து நடந்து கணக்குப் பார்த்தேன்.

விறாந்தை லைட், முப்பது இரவு.
நிற்பாட்டினால் சின்னவன் எழும்புவான்.
அழமாட்டான்.
எழும்பி இருந்து இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான்.
அழுகிற பிள்ளை என்றால்
நிற்பாட்டித்தான் இருப்பேனோ என்னவோ.

பிறகு பிரிட்ஜ்.
அவன் அதைத் திறக்கிறது சாப்பிட இல்லை.
முட்டை ஐந்து, மாஜரின் பேணி, பாதித் தேசிக்காய்
எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கா என்று பார்த்து
மெதுவாய்ச் சாத்துவான்.
ஒரு நாளைக்கு இருபது தரம்.
சுகிர்தா அந்தப் பாதியைத் தொடுவதில்லை,
அது காய்ந்து சுருங்கிக் கிடக்கிறது.
சம்பலுக்குப் புதிதாய் ஒன்று வெட்டுகிறாள்.

மூத்தவள் டிலோஜினி. ஆறு வயது.
சாப்பாட்டு நேரம் குசினி வாசலில்
பீங்கானோடு வந்து வரிசையில் நிற்பாள்.
வரிசையில் இரண்டே பேர்:
முன்னால் தம்பி, பின்னால் அவள்.

"சேர், ஒண்டுக்குப் போகலாமா?"
என் வீட்டில் நான் சேர். சுகிர்தா மிஸ்.
"கேக்கத் தேவையில்லை பிள்ளை, போ."
"சரி சேர்."
திரும்பி வந்து, "போட்டு வந்திட்டன் சேர்."

தம்பிக்குத் தீத்துகிறதும் அவள்தான்.
சுகிர்தா சோறு குழைத்துக் கையை நீட்டினால்
அவன் முதலில் அக்காவைப் பார்ப்பான்,
அக்கா தலையாட்டினால்தான் வாய் திறக்கும்.
அந்தத் தலையாட்டலுக்காக
நாற்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி
கவளத்தை ஏந்தியபடி காத்திருக்கிறதை
கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன்.

நன்னடத்தை அலுவலர் வந்து கேட்டா,
"பிள்ளையள் பழகிட்டினமா?"
நான் ஓம் என்றேன்.
சுகிர்தா இல்லை என்றாள்.
அவ இரண்டையும் எழுதிக்கொண்டா.

வெள்ளிக்கிழமை பின்னேரம்
மதில் இடிந்த பக்கத்தால் மான் ஒன்று வந்தது.
இந்த ஊரில் மான் அதிசயமில்லை.
பஸ் நிலையத்தில் மாட்டோடு மாடாய்ப் படுத்திருக்கும்,
கச்சான் சுற்றின கடதாசியைத் தின்னும்.
வந்தது நேரே கத்தரிப் பாத்திக்குள் இறங்கி
பூவோடு ஒரு கொப்பை இழுத்தது.

தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு
டிலோஜினி பாய்ந்தாள்.
கேட்காமல். செருப்பும் போடாமல்.
"ஏய்! அது எங்கட கத்தரி! எங்கட!"
மான் நின்றது. மென்றது.
அவளை ஒருக்கால் பார்த்துவிட்டு
வந்த வழியால் போனது.

சுகிர்தா உள்ளே போய்க்
குழாயைத் திறந்துவிட்டாள்.
கழுவ ஒன்றும் இருக்கவில்லை.
வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம்,
அதற்குமேல் பம்ப் ஓடுகிற சத்தம்.
அதுவும் கணக்கில் வரும்.

இரவு அவள் என் முன்னால் வந்து நின்றாள்,
கைகள் முதுகுக்குப் பின்னால்.
"சேர், தும்புத்தடி முறிஞ்சிட்டுது."
மதிலில் அடிபட்டு நடுவில் பிளந்திருந்தது.
நான் கையைத் தூக்கினேன், அதை வாங்கத்தான்.
அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

தூக்கின கையை எங்கே வைக்கிறதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

பிறகு அரிவாளால் பிளவை வெட்டி
முனையைத் தேய்த்துக் கொடுத்தேன்.
நெஞ்சுக்கு நேரே பிடித்து உயரம் பார்த்தாள்.
"சரி சேர்" என்றாள்.

சின்னவன் பிரிட்ஜைத் திறந்தான்.
வெளிச்சம் குசினித் தரையில் விழுந்தது.
எல்லாம் இருந்தது.
சாத்தினான்.