கார்த்தகேனாவில் மூன்று ராத்திரி

போன ஊர்களைச் சொல்லச் சொன்னால்
கார்த்தகேனாவையும் சேர்த்துத்தான் சொல்வேன்.
கல்மண்டபம் டீக்கடையில் தேசப்பன் கேட்டான்:
"கார்த்திகேயனா? இன்னாபா, முருகன் கோயில் ஊரா?"
ஸ்பெயின் என்றேன்.
"மாட்ட உட்டு தொரத்துவாங்களே, அந்த ஸ்பெயினா?"
மாடு எதையும் பார்க்கவில்லை.
ஒரு நாயைப் பார்த்தேன்.

மண்ணடி ஏஜென்ட் எண்பதாயிரம் வாங்கிக்கொண்டு
ஏற்றிவிட்ட படகு அது.
நாற்பத்தாறு அடி, வெள்ளை உடம்பு,
நம் லாஞ்சில் பாதி அகலம்கூட இல்லை.
துபாயில் வாங்கி ஊருக்கு ஓட்டிப்போகும்
ஹென்ட்ரிக், அவர் மனைவி யானா.
எஞ்சினுக்கும் கயிற்றுக்கும் சோற்றுக்கும் நான்.
காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் டீசல்,
இரண்டும் இல்லாத நாளில் ஹென்ட்ரிக்கின் கெட்ட வார்த்தை.
சூயஸ் தாண்டியபின்தான் எனக்குக் குளிரே தெரிந்தது.

கார்த்தகேனாவுக்குள் நுழைந்தது விடியற்காலை.
இடக்கைப் பக்கம் சிவப்பு விளக்கு,
வலக்கைப் பக்கம் பச்சை.
இதே கணக்கில்தான் காசிமேட்டுக்குள்ளும் வருகிறோம்.
அந்த ஒரு நிமிஷம்
ஊருக்கே வந்துவிட்டதுபோல் சுக்கானைப் பிடித்திருந்தேன்.

கரையிலிருந்து ஒரு பெண் கயிற்றை வாங்கிக் கட்டினாள்.
தண்ணீர்க் குழாய் கொடுத்தாள். கரண்டு கொடுத்தாள்.
குளியலறைக்குச் சாவி கொடுத்தாள்,
இரண்டு சாவி.
என் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்,
விசா எங்கேயாவது ஒளிந்திருக்கும் என்பதுபோல.
பிறகு ஒரு போலீஸ்காரர் வந்தார். நல்லவர்தான்.
சிரித்துக்கொண்டே விரலால் காற்றில் ஒரு கோடு போட்டார்.
படகின் விளிம்பு வரை நான்.
அதற்கப்பால் ஸ்பெயின்.

மூன்று ராத்திரி.
முப்பதடித் தூரத்தில் ஊர் நடந்துகொண்டிருந்தது.
ஒரு கல் மதில், மதிலில் ஒரு படிக்கட்டு,
படிக்கட்டு எங்கே போகிறது என்று
இன்றுவரை தெரியாது.
எண்ணெயில் மீன் பொரிகிற வாசனை,
அது நெத்திலி, சத்தியமாக நெத்திலி,
மசாலா இல்லாத நெத்திலி.
அந்த நாய் தினமும் வந்து
என்னைப் பார்த்துக் குரைக்காமல் உட்கார்ந்திருக்கும்.
யானா காகிதக் கோப்பையில் காபி வாங்கி வருவாள்,
வந்து சேர்வதற்குள் ஆறிப்போயிருக்கும்.
"அழகான ஊர்" என்பாள்.
ஆமாம் என்பேன்.

கடைசி ராத்திரி, இரண்டு பேரும் தூங்கியபின்
குனிந்து கை நீட்டிக்
கரைப் பலகையைத் தொட்டேன்.
காலில்லை. கைதான்.
பகல் வெயில் இன்னும் அதில் மிச்சமிருந்தது.
விசா இல்லாமல் ஒரு உள்ளங்கை
போய்விட்டு வந்தது.

இப்போது தேசப்பனின் ஃபைபர் படகு.
ராயபுரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும்
கப்பல்களைத் தாண்டித்தான் வலைக்குப் போகிறோம்.
பத்து நாள், பன்னிரண்டு நாள் நிற்கும், முறை வராமல்.
முன்பெல்லாம் அவை எனக்கு
சுற்றிப்போக வேண்டிய இரும்பு.
இப்போது மேலே ஆள் நிற்கிறானா என்று பார்க்கிறேன்.
நிற்கிறான்.
எண்ணூர்ப் புகைபோக்கியும்
மணலி நெருப்பும்
காசிமேட்டு லாஞ்சுகளின் குச்சிக் காடும்
அவன் போனுக்குள் எவ்வளவு சின்னதாக விழுமோ.
நாங்கள் பொரிக்கிற வாசனை அவ்வளவு தூரம் போகுமா?

போன வெள்ளிக்கிழமை
தேசப்பன் திட்டத்திட்ட எஞ்சினை அணைத்தேன்.
"கோஸ்ட்கார்டு பாத்தா தோல உரிப்பான்டா."
மேலிருந்து கயிற்றில் ஒரு வாளி இறங்கியது.
நாலு சங்கரா, கொஞ்சம் காரப்பொடி போட்டேன்.
வாளி ஏறியது. அவன் கத்தினான்,
எந்த ஊர் என்று கேட்கிறான் போல.
காசிமேடு! என்றேன்.
அவன் காதில் கை வைத்து,
"காசி மேரி?"
ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவன் ஊரைக் கேட்டிருக்கலாம்.
ஐஸ் உருகிக்கொண்டிருந்தது,
தேசப்பன் கயிற்றை இழுத்துவிட்டான்.