டோடி

டோடி என்பார்கள் ஆங்கிலத்தில், முகத்துதிக்காரனை.
கல்லுக்குள் மட்டுமல்ல,
சொல்லுக்குள்ளும் தேரை.

லிங்கன்ஷயர் சந்தை. மழை விட்ட மதியம்.
பீப்பாய்மேல் நின்று மருந்து விற்கிறான்
ஹெசக்கையா கிராப்.
கீழே கையாள் ஜேபஸ், கூலி இரண்டு பென்னி,
வாய்க்குள் உயிரோடு தேரை.

நுணல் தன் வாயால் கெடும்.
இது அடுத்தவன் வாயால்.

நஞ்சேறியவன்போல் நுரை தள்ளிப் புரள்கிறான்.
ஒரு சொட்டு மருந்து.
எழுந்து தொப்பியைத் தட்டிக்கொள்கிறான்.
லாடக்காரன் மனைவி மூன்று புட்டி வாங்குகிறாள்.

இரவு, வண்டிக்கடியில்.
கன்னத்தில் ஒதுக்கியதை அப்போதே புல்லில் துப்பியாயிற்று,
அதுவும் தாவிப் போயிற்று.
இன்னும் கொப்பளிக்கிறான்.

மேலிருந்து குரல்:
"எப்படியடா இன்றைக்கு என் பேச்சு?"

வாயைத் துடைக்கிறான் ஜேபஸ்.
"அமுதம், எஜமான்."

தொண்டையில் ஏதோ
காலை உதைத்துக்கொண்டு
இறங்குகிறது.